அறிமுக உளவியல்: புத்தகம் முழுக்கப் புரிந்தது, தேர்வில் மட்டும் ஏன் கவிழ்ந்தேன்?

இரவுப்பறவை:

எல்லோருக்கும் வணக்கம். நான் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. இந்த செமஸ்டரில் விருப்பப் பாடமாக அறிமுக உளவியல் எடுத்திருக்கிறேன். பாடம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஒரு வகுப்பைக்கூடத் தவறவிட்டதில்லை. முதல் ஐந்து அத்தியாயங்களை மூன்று முறை படித்தேன், முக்கியமான வரிகளுக்கெல்லாம் மஞ்சள் பேனாவால் கோடு போட்டேன். தேர்வு அறைக்குள் போகும்போது துளிகூடப் பயமில்லை.

நூற்றுக்கு 54.

மதிப்பெண் குறைந்ததைவிட இன்னொன்றுதான் என்னைக் குழப்புகிறது. வினாத்தாளில் புதிதாக எதுவுமே இல்லை. எல்லாம் படித்ததுதான். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு விடைகள் சரியாகத் தெரிந்தன, நான் தொட்டது தவறாகப் போனது. ஒரு கேள்வியை அப்படியே சொல்கிறேன்:

"கடையில் குழந்தை பொம்மை கேட்டு அழுகிறது. அம்மா வாங்கிக் கொடுக்கிறார், அழுகை நிற்கிறது. அதற்குப் பிறகு, குழந்தை அழ ஆரம்பித்ததுமே அம்மா கேட்டதை வாங்கிக் கொடுத்துவிடுகிறார். அம்மாவின் நடத்தை எதனால் வலுப்பட்டது?"

நான் 'நேர்மறை வலுவூட்டல்' என்று குறித்தேன். பொம்மை கிடைக்கிறதே! சரியான விடை 'எதிர்மறை வலுவூட்டல்' என்கிறார்கள். ஏன் என்று இன்னும் பிடிபடவில்லை. இறுதித் தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கிறது. எப்படிப் படிப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

மழைக்காகம்:

போன வருடம் எனக்கும் முதல் தேர்வில் இதேதான் நடந்தது. மூன்று முறை படித்தேன் என்கிறீர்கள் பாருங்கள், சிக்கல் அங்கேதான் இருக்கிறது. சுண்ணக்கட்டி அண்ணா வந்தால் சரியாக விளக்குவார்.

சுண்ணக்கட்டி:

வந்துவிட்டேன். நான்கு வருடமாக இந்தப் பாடத்துக்கு உதவி ஆசிரியராக இருக்கிறேன். இந்தப் பொம்மைக் கேள்வியில் ஒவ்வொரு வருடமும் நல்ல மாணவர்கள் தடுக்கி விழுவதைப் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் கேள்வி யாரைப் பற்றியது என்று பாருங்கள். குழந்தையைப் பற்றியது இல்லை, அம்மாவைப் பற்றியது. நீங்கள் குழந்தைக்கு விடை எழுதியிருக்கிறீர்கள். குழந்தை அழுதது, பொம்மை வந்தது, இனி அதிகமாக அழும். அது நேர்மறை வலுவூட்டல்தான், அந்த அளவில் உங்கள் விடை சரி. இப்போது அம்மா பக்கம் வாருங்கள். அம்மா செய்தது என்ன? வாங்கிக் கொடுத்தது. செய்ததும் என்ன ஆனது? காதைத் துளைத்துக்கொண்டிருந்த அழுகை நின்றது. வேண்டாத ஒன்று விலகியதால் வாங்கிக் கொடுக்கும் பழக்கம் அவரிடம் வலுப்பட்டது. ஒன்று விலகி, அதனால் நடத்தை கூடினால் அது எதிர்மறை வலுவூட்டல்.

இந்தப் பாடத்தில் நேர்மறை என்றால் நல்லது, எதிர்மறை என்றால் கெட்டது என்று பொருள் இல்லை. கணக்கில் வரும் கூட்டல் குறி, கழித்தல் குறி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒன்று வந்து சேர்ந்ததா, விலகிப் போனதா? இது முதல் கேள்வி. அதற்குப் பிறகு அந்த நடத்தை கூடியதா, குறைந்ததா? இது இரண்டாவது கேள்வி. கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. சீட் பெல்ட் போடும்வரை கார் பீப் பீப் என்று கத்துகிறது, போட்டதும் நிற்கிறது. நாளைக்கு ஏறி உட்கார்ந்ததுமே போட்டுவிடுகிறீர்கள். இதுவும் எதிர்மறை வலுவூட்டல்தான். இதில் தண்டனையே இல்லை. எதிர்மறை என்ற சொல்லைப் பார்த்ததும் தண்டனை என்று குறிப்பவர்கள்தான் அதிகம்.

அறிமுக உளவியலின் உண்மையான கடினம் இந்த இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இயற்பியலில் புரியாத சொல் வந்தால் புரியவில்லை என்று உடனே தெரிந்துவிடும். இங்கே நினைவு, ஊக்கம், ஆளுமை, தண்டனை என்று எல்லாம் நாம் தினமும் பேசும் சொற்கள். படிக்கும்போது தலை ஆடிக்கொண்டே இருக்கும். அந்தச் சொல் இந்தப் பாடத்துக்குள் வேறொரு குறுகிய பொருளில் வருகிறது என்பது கண்ணில் படாமலே போய்விடும்.

அப்புறம் உங்கள் மஞ்சள் பேனா. அதற்கான பதில் உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் மாணவர்களுக்கு ஓர் உரைநடைப் பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு தரப்பு அதையே திரும்பவும் படித்தது. மறு தரப்பு தாளை மூடிவைத்துவிட்டு நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே மேல்: 81 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். திரும்பப் படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56.

அந்த ஐந்து நிமிட முடிவை மறுபடி பாருங்கள். தேர்வு அறைக்குள் பயமில்லாமல் போனீர்களே, அந்தத் தைரியம் அங்கிருந்துதான் வந்தது. மூன்றாவது முறை படிக்கும்போது வரிகள் பழகிப்போய் வழுக்கிக்கொண்டு ஓடும். அந்த வழுக்கலைப் புரிந்ததாக எடுத்துக்கொள்கிறோம். இன்று இரவே ஓர் அத்தியாயத்தை மூடிவைத்துவிட்டு வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். முதல் முறை பாதிப் பக்கத்தைத் தாண்டாது. மனம் தளர வேண்டாம். அந்தத் திணறலில்தான் கற்பது நடக்கிறது.

இரவுப்பறவை:

அண்ணா, கேள்வி அம்மாவைப் பற்றியது என்பதையே நான் கவனிக்கவில்லை! மிக்க நன்றி. இன்று இரவு எழுதிப் பார்க்கிறேன்.

தேன்சிட்டு:

நானும் இதே பாடம்தான். ஆய்வு முறைகள் அத்தியாயத்தை விட்டுவிடலாமா? மாறிகள், ஒட்டுறவு, மாதிரி என்று ஒரே வறட்சியாக இருக்கிறது. மூளை, கனவு எல்லாம் அப்புறம்தான் வருகிறது.

மழைக்காகம்:

தயவுசெய்து விடாதீர்கள். போன வருடம் நான் செய்த பெரிய தவறு அதுதான். பின்னால் வரும் எல்லா அத்தியாயமும் அதன் மேல்தான் நிற்கிறது.

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கோட்டைவிட்ட ஓர் இடத்தைச் சொல்கிறேன். ஆய்வில் குலுக்கல் இரண்டு இடத்தில் வருகிறது. யாரை ஆய்வுக்கு எடுப்பது என்பதற்கு ஒரு குலுக்கல். எடுத்தவர்களில் யார் எந்தக் குழு என்பதற்கு இன்னொரு குலுக்கல். முதலாவது இருந்தால் முடிவை வெளியே உள்ள மக்களுக்கும் பொருத்திச் சொல்லலாம். இரண்டாவது இருந்தால் 'இதனால்தான் அது நடந்தது' என்று சொல்லலாம். இரண்டுக்கும் பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருப்பதால் தேர்வில் மாற்றி மாற்றிக் கேட்பார்கள். நன்றாகத் தூங்குபவர்கள் அதிக மதிப்பெண் எடுக்கிறார்கள் என்று ஒரு செய்தி வந்தால், இவர்களை யாராவது குலுக்கிப் போட்டு 'நீ எட்டு மணி நேரம் தூங்கு, நீ ஐந்து மணி நேரம்' என்று பிரித்தார்களா என்று கேளுங்கள். பிரிக்கவில்லையென்றால், கவலை இல்லாதவர்கள் நன்றாகத் தூங்கவும் செய்கிறார்கள், நன்றாகப் படிக்கவும் செய்கிறார்கள் என்றும் இருக்கலாமே.

இன்னொன்று. உங்கள் துறையில் முதலாண்டு மாணவர்கள் ஆய்வுகளில் பங்கெடுத்தால் சில மதிப்பெண் தருவார்கள். அந்த வாய்ப்பை விடாதீர்கள். நான் போனது ஒரு சின்ன அறை. ஒரு மேசை, ஒரு திரை, ஒரு மைக். திரையில் வண்ணங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். சொல்லைப் படிக்கக் கூடாது, எழுத்து எந்த நிறத்தில் இருக்கிறதோ அந்த நிறத்தைச் சொல்ல வேண்டும். 'நீலம்' என்ற சொல் நீல எழுத்தில் வந்தபோது சரளமாகச் சொன்னேன். 'பச்சை' என்ற சொல் சிவப்பு எழுத்தில் வந்தது. வாயில் 'ப' வந்துவிட்டது. அதைப் பிடித்து நிறுத்தி, விழுங்கி, 'சிவப்பு' என்று சொல்வதற்குள் அடுத்த சொல் வந்து நின்றது. படிக்காமல் இருக்கத்தான் முயன்றேன், முடியவில்லை. ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-இல் எழுதிய விளைவு இதுதான் என்று வெளியே வந்த பிறகுதான் சொன்னார்கள். புத்தகத்தில் இரண்டு வரியாகப் படித்துக் கடந்திருந்தேன். இப்போது என் தொண்டையிலேயே அது நடந்தது. அந்த அத்தியாயம் எனக்கு மறக்கவே இல்லை.

பழைய மாணவன்:

எல்லோரும் உற்சாகமாகப் பேசுகிறீர்கள். எனக்குள்ள மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன்னால் இந்தப் பாடத்தைப் படித்தேன். 1971-இல் ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்து நடத்திய சிறைச் சோதனையை எங்களுக்கு வேதவாக்கு மாதிரிச் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் நடக்க வேண்டிய சோதனை ஆறே நாளில் நிறுத்தப்பட்டது, சாதாரண மாணவர்கள் காவலர் உடை போட்டதும் கொடுமைக்காரர்களாக மாறிவிட்டார்கள் என்று. எத்தனை பேரிடம் நான் அதைச் சொல்லியிருப்பேன்! பிறகு வெளிவந்த ஒலிப்பதிவுகளைப் பார்த்தால், இன்னும் கடுமையாக இரு என்று காவலர்களைத் தூண்டியிருக்கிறார்கள். நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொலையான கதையும் அப்படித்தான். 1964-இல் 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள், ஒருவரும் உதவவில்லை என்று படித்தோம். அந்தச் செய்தியே மிகைப்படுத்தியது. சிலர் காவல்துறையைக் கூப்பிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஒரு பெண் அவரிடம் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்திருக்கிறார்.

இப்படிக் கழன்று விழும் விஷயங்களை மாணவர்கள் ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்? ஏமாற்றப்பட்ட உணர்வு எனக்கு இன்னும் போகவில்லை.

சுண்ணக்கட்டி:

உங்கள் மனத்தாங்கல் நியாயமானது. மழுப்பப் போவதில்லை. இன்னும் பெரிய கணக்கும் இருக்கிறது. 2015-இல் ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து, ஏற்கெனவே வெளிவந்த 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூலத்தில் 97 விழுக்காடு ஆய்வுகள் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க, அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத, முடிவு காட்டியிருந்தன. திரும்பச் செய்தபோது 36 விழுக்காடுதான் காட்டின. இந்தத் துறையில் இருப்பவன் என்ற முறையில் அது எனக்கு வலித்த எண்.

ஆனால் அந்தச் சோதனையைச் செய்தவர்கள் யார்? உளவியலாளர்களேதான். தங்கள் துறையைத் தாங்களே தோண்டிப் பார்த்து, முடிவை ஊரறியச் சொன்னார்கள். நான் மாணவர்களுக்கு அந்த 2015 ஆய்வை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறேன். சிறைச் சோதனையையும் பாடத்திலிருந்து எடுக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இருந்ததா, ஆய்வு செய்தவரே சிறை மேலாளராகவும் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டு நடத்துகிறேன். ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

கிட்டி ஜெனோவீஸ் விஷயத்தில் ஒன்று சேர்க்க வேண்டும். செய்தி தவறாக இருந்தாலும், அதைப் படித்துவிட்டு டார்லி, லாட்டானே என்ற உளவியலாளர்கள் இருவரும் செய்த ஆய்வு தனியாக நிற்கிறது. 1968-இல் வெளியானது. மாணவர்கள் தனித்தனி அறையில் இருந்து இன்டர்காமில் பேசிக்கொள்கிறார்கள். திடீரென்று ஒரு குரல் வலிப்பு வந்ததுபோல் திணறுகிறது. அதைக் கேட்பது தான் ஒருவர் மட்டுமே என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர், குரல் அடங்குவதற்குள் உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 விழுக்காட்டினர் மட்டுமே. எழாதவர்கள் கல்நெஞ்சக்காரர்களும் இல்லை. ஆய்வாளர் அறைக்குள் வந்தபோது அவர்களில் பலருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, 'அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?' என்று கேட்டார்கள். மாணவர்கள் எடுத்துக்கொண்டு போக வேண்டியது அந்த நடுக்கத்தை என்று எனக்குத் தோன்றும்.

பழைய மாணவன்:

அந்த நடுக்கத்தைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. 2015 ஆய்வை முதல் வாரமே சொல்கிறீர்கள் என்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

நாற்பதில் மாணவி:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் இந்தப் பாடத்தைப் படிக்கிறேன். தேர்வு பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. நினைவு பற்றிய அத்தியாயம் எனக்கு என்ன செய்தது என்று மட்டும் சொல்கிறேன்.

என் அம்மாவுக்கு மறதி நோய். காலையில் நான் வந்ததும் போனதும் மாலைக்குள் நினைவில் இருக்காது. அத்தியாயத்தில் எச்.எம். என்ற நோயாளியைப் பற்றி வந்தது. வலிப்பு நோய்க்காக 1953-இல் மூளையில் அறுவை செய்து, இரு பக்கமும் புதிய நினைவுகள் உருவாகத் தேவையான ஹிப்போகாம்பஸ் பகுதியின் பெரும்பாகத்தை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு புதிதாக நடக்கும் எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவரிடம் கண்ணாடியில் மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தை வரையச் சொன்னார். நாளுக்கு நாள் கை தேறிக்கொண்டே வந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் அவருக்கு அது முதல் முறைதான். முந்தைய நாள் வரைந்தது நினைவில் இல்லை. அவர் 2008-இல் இறந்த பிறகுதான் ஹென்றி மொலைசன் என்ற முழுப் பெயரை வெளியிட்டார்கள்.

அதைப் படித்த வார இறுதியில் அம்மாவைத் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார வைத்தேன். நூல் கோக்கும் வழி எனக்கே தெரியாது. அம்மாவின் கை நூல்கண்டைச் செருகி, மேலே ஒரு வளையத்தில் மாட்டி, கீழே இழுத்து, மறுபடி மேலே கொண்டுபோய், ஊசியின் காதருகே வந்து, நூல் நுனியை நாக்கில் நனைத்துக்கொண்டது. ஒரே மூச்சில். 'எப்படிம்மா தெரியும்?' என்று கேட்டேன். 'எனக்கு எங்கே தைக்கத் தெரியும்' என்றார்.

அம்மாவின் நோயும் எச்.எம்.முக்கு நடந்ததும் ஒன்றல்ல, அது எனக்குத் தெரியும். ஆனால் 'தெரியும்' என்பது ஒரே இடத்தில் இருக்கும் ஒரே பொருள் இல்லை என்பதை இந்தப் பாடம் காட்டாமல் இருந்திருந்தால், அன்று அந்த இயந்திரத்தின் உறையைக் கழற்றியிருக்கவே மாட்டேன்.

மழைக்காகம்:

அக்கா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழுதியதற்கு நன்றி.

தேன்சிட்டு:

எனக்கு இப்போது உளநலக் கோளாறுகள் அத்தியாயம் நடக்கிறது. பட்டியலில் உள்ள அறிகுறிகளைப் படிக்கப் படிக்க எல்லாமே எனக்கு இருப்பதாகத் தோன்றுகிறது. தூக்கம் வருவதில்லை. இது மற்றவர்களுக்கும் நடக்குமா?

சுண்ணக்கட்டி:

நடக்கும். மருத்துவ மாணவர்களுக்கும் இதே அனுபவம் உண்டு. அந்தப் பட்டியல்களை மேலோட்டமாகப் பார்த்தால் எல்லோருக்கும் பொருந்தும். எத்தனை வாரமாக, எந்த அளவில், அன்றாட வாழ்க்கையை எவ்வளவு முடக்குகிறது என்று பார்ப்பதில்தான் நோயறிதல் இருக்கிறது. அது பயிற்சி பெற்றவர்கள் நேரில் பேசிச் செய்யும் வேலை. இந்தப் பாடம் அந்தத் தகுதியை நமக்குத் தராது. நண்பர்களுக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் பெயர் சூட்டுவதும் வேண்டாம்.

ஆனால் தூக்கம் வரவில்லை என்கிறீர்களே, அதைப் பாடத்தின் பக்கவிளைவு என்று ஒதுக்கிவிடாதீர்கள். பல்கலைக்கழகத்தின் ஆலோசனை மையத்தில் நேரம் வாங்கிக்கொண்டு ஒருமுறை போய்ப் பேசுங்கள். போவதற்கு நோய் இருக்க வேண்டும் என்று இல்லை.

தேன்சிட்டு:

சரி அண்ணா. நாளைக்குப் போகிறேன்.

இரவுப்பறவை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். வெள்ளைத்தாள் முறையைத்தான் பின்பற்றுகிறேன். முதல் நாள் அண்ணா சொன்னதுபோலவே பாதிப் பக்கம்கூட வரவில்லை, வெறுத்துப்போனது. இப்போது ஓர் அத்தியாயத்துக்கு மூன்று பக்கம் வருகிறது. இரண்டு நாள் விட்டு மறுபடி எழுதுகிறேன். புத்தகத்தில் உள்ள உதாரணத்தை எழுதாமல் என் வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் எழுத வேண்டும் என்று எனக்கு நானே விதி வைத்திருக்கிறேன். நேற்று எழுதியதைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்.

போன வருடம் பகுதிநேர வேலை ஒன்று பார்த்தேன். மேலாளர் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பித் திட்டுவார். டிங் என்று சத்தம், உடனே திட்டு. வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. இன்றும் யாருடைய போனிலாவது அந்த டிங் கேட்டால் வயிற்றைப் பிசைகிறது. என் கணக்குப்படி, திட்டு என்பது இயல்பான தூண்டல். அதனால் வந்த கலக்கம் இயல்பான துலங்கல். டிங் சத்தம் பழக்கத்தால் வந்த தூண்டல். இப்போது வயிற்றைப் பிசைவது பழக்கத்தால் வந்த துலங்கல். சத்தம் கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறுமே, அந்தப் பாவ்லோவ் அத்தியாயம்.

ஆனால் அங்கே ஒரு கேள்வி வந்தது. திட்டே இல்லாமல் டிங் மட்டும் எட்டு மாதமாகக் கேட்டால், அந்தப் பழக்கம் அணைந்துபோயிருக்க வேண்டுமே? ஏன் போகவில்லை? யோசித்தால், நான் போனை எப்போதும் மியூட்டில்தான் வைத்திருக்கிறேன். மியூட் செய்ததும் நிம்மதி. வேண்டாதது விலகுகிறது, மியூட் செய்வது கூடுகிறது. இது எதிர்மறை வலுவூட்டல்தானே? அப்படியென்றால் டிங் வந்தாலும் ஒன்றும் ஆகாது என்று என் உடம்பு கற்றுக்கொள்ள நானே வாய்ப்புக் கொடுக்கவில்லை. சரியா?

சுண்ணக்கட்டி:

முழுக்கச் சரி. இரண்டு தனித்தனிப் பிரிவுகளை நீங்களாகவே சேர்த்துவிட்டீர்கள். பயம் பாவ்லோவ் வழியில் வந்து ஒட்டுகிறது, தவிர்க்கும் பழக்கம் ஸ்கின்னர் வழியில், அதாவது வலுவூட்டலால், அதைக் காப்பாற்றி வைக்கிறது. இதை 1947-இல் மௌரர் என்பவர் இரு-காரணிக் கோட்பாடு என்ற பெயரில் எழுதினார். பிற்காலத்தில் இதற்கு மறுப்புகளும் வந்தன. ஆனால் பயத்தைத் தவிர்க்காமல், பாதுகாப்பான சூழலில் சிறிது சிறிதாக எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சை முறைகள் இந்தச் சிந்தனையோடு நெருங்கியவை. உங்கள் புத்தகத்தில் அது கடைசிக்கு முந்தைய அத்தியாயமாக இருக்கும். இன்னும் நடத்தியிருக்க மாட்டார்கள்.

அந்தக் கேள்வியை, பெயர் சொல்லாமல், என் வகுப்புக்குக் கொடுக்கலாமா?

இரவுப்பறவை:

தாராளமாகக் கொடுங்கள் அண்ணா.

இன்று காலை மியூட்டை எடுத்தேன். மதியத்துக்குள் ஏழு டிங். முதல் மூன்றுக்கும் வயிறு பிசைந்தது. நான்காவது நூலகத்திலிருந்து, புத்தகத்தைத் திருப்பித் தரச் சொல்லி. ஏழாவது வந்தபோது நான் எழுதிக்கொண்டிருந்தேன். வரியை முடித்துவிட்டுத்தான் எடுத்துப் பார்த்தேன்.